ஒன்றரை அடி அந்நிய மண்

இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு இனியன் தன் அண்ணனைப் பார்த்து வாய் திறந்தபோது, அண்ணன் செத்து நான்கு நிமிடங்கள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை பேசாதவருக்கு, இனி பதில் வராது என்று உறுதியானதும் பேச்சு வந்துவிட்டது.

"தெற்கே தலை வைங்க. கெழக்கே வச்சிப் படுக்கப் போட்டிருக்கீங்களே, அவரு என்ன மத்தியானத் தூக்கமா தூங்குறாரு?"

காலை பத்து மணி. காப்பி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்த மகிழன் எழுந்திருக்கவில்லை. எழுபத்தொரு வயது. அவர் மனைவி யாழினி போட்ட சத்தத்தில் பின்சந்தில் குடியிருக்கும் டேவிட்டும் அவர் மைத்துனரும் ஓடி வந்து, உடலைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அதே கூடத்தின் தெற்குப் பாதியில், தரையில் ஓடும் மஞ்சள் வெளிச்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம், இனியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் செத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். முறை தவறியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

டேவிட் நல்ல மனிதர். "எப்பிடி வைக்கணும்னு சொல்லுங்க, வச்சிடலாம்" என்றார். உடலைத் திருப்பிப் பார்த்தால், வடக்குச் சுவரோரம் பீரோவும் பிரிட்ஜும் நின்றன. கால் நீட்ட இடமில்லை.

"இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று சொன்ன இனியன், தானே குனிந்து அண்ணனின் தோள்களுக்கு அடியில் கைகொடுத்துத் தன் பக்கமாக இழுத்தார். மஞ்சள் கோடு மூன்று முறை சிவப்பாக மின்னியது. சாவு வீட்டில் விளக்கை யார் பார்க்கிறார்கள்?

பதினாறு நிமிடங்கள் கழித்து, கூரையில் இருந்த ஒலிபெருக்கி பேசியது.

"ஆழ்ந்த இரங்கல்கள். கரைநாட்டுக் குடிமகன் மகிழன், மேட்டுநாட்டு மண்ணில், முன்னறிவிப்பின்றி, காலை பத்து இருபத்திரண்டுக்கு இயற்கை எய்தினார். விசாரணை முடியும்வரை சடலத்தை அசைக்க வேண்டாம்."

யாழினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் குடிக்கவே சோம்பல் படுகிற அவருடைய கணவர், வெளிநாட்டுக்குப் போய் இறந்திருக்கிறார்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், மன்னர்கள் வரமாட்டார்கள். கடல் உள்ளே புகுந்து ஊர்களை விழுங்க ஆரம்பித்த காலத்தில், கடலோரத்தாரும் மேட்டில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி அலுத்துப்போய், கரைநாடு, மேட்டுநாடு என்று இரண்டு நாடுகளாகப் பிரிந்தார்கள். சொட்டு ரத்தம் சிந்தாமல், மக்கள் விருப்பப்படி பிரிந்தோம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பக்கத் தலைவர்களுக்கும் ஆசை. அதற்காகப் பிறந்ததுதான் பட்டாதாரர் விருப்பச் சட்டம். அவரவர் பட்டா நிலம் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று அவரவரே ஒரு படிவத்தில் டிக் போட்டுக் கொடுக்கலாம். மக்களை முழுமையாக நம்பி இயற்றப்பட்ட சட்டம் அது ஒன்றுதான். மக்கள் அதை வைத்து அக்கம்பக்கத்தார் மீது இருந்த கோபத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள்.

பக்கத்து ஊரான சாளையாம்பட்டில் மேட்டுநாட்டு வயலுக்கு நடுவே கரைநாட்டு வாழைத்தோப்பு ஒன்று இருக்கிறது. தோப்புக்குள் மேட்டுநாட்டுக் கிணறு. கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார் மட்டும் கரைநாடு. மாமியார் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்காகவே மருமகள் இன்னொரு நாட்டைத் தேர்ந்தெடுத்த சமையலறைகள் உண்டு. இப்படிப் பதினோராயிரம் துண்டுகள். வரைபடம் அச்சடித்த நிறுவனம் அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

இனியனும் மகிழனும் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வீட்டைப் பாகம் பிரித்திருந்தார்கள். 'கூடத்து நடுத்தூணுக்கு வடக்கே மூத்தவனுக்கு, தெற்கே இளையவனுக்கு' என்று அப்பா பத்திரம் எழுதியிருந்தார். தூண் யாருக்கு என்று எழுதவில்லை. அப்பா எதையும் கனமாகச் செய்கிறவர். தூணின் கனம் ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடி அகலத்தைச் சுவருக்குச் சுவர் நீட்டினால் கூடத்தின் குறுக்கே ஒரு பட்டை வரும். அது தன்னுடையது என்று அண்ணன் சொன்னார், தன்னுடையது என்று தம்பி சொன்னார். இருவரும் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்கள். அன்றைக்குப் பேச்சு நின்றது.

விருப்பப் படிவம் கொடுக்கப் போன நாளில் இனியனும் கரைநாட்டில் சேரத்தான் நினைத்திருந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற அண்ணன் கரைநாட்டில் டிக் போடுவதை எட்டிப் பார்த்தார். உடனே தன் படிவத்தில் மேட்டுநாட்டுக்கு டிக் போட்டார். அந்த ஒரு டிக்கினால் அவர்கள் பல் தேய்த்து, பரீட்சைக்குப் படித்து, கல்யாணப் பந்தி பரிமாறிய கூடத்தின் குறுக்கே சர்வதேச எல்லை ஓடியது. ஊர் முழுக்க மேட்டுநாடு ஆக, மகிழனின் பாதி வீடு மட்டும் கரைநாட்டுத் துண்டு எண் 7314 ஆனது. அதன் தாய்நாடு நூற்றுநாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

எல்லையில் சுவர் எழுப்ப இரண்டு நாடாளுமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவை இன்றுவரை எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே சுவருக்குப் பதில் வெளிச்சக் கோடு. அந்த ஒன்றரை அடிப் பட்டையில் இனியன் முந்திக்கொண்டு தன் சாய்வு நாற்காலியைப் போட்டுவிட்டதால், தற்காலிகமாகப் பட்டை அவருக்கு என்று வைத்து, கோட்டை அதற்கு வடக்கே போட்டார்கள். தற்காலிகத்துக்கு இருபத்து மூன்று வயது ஆகிவிட்டது.

எல்லைகளைக் காக்கும் வேலையை மனிதர்களிடம் கொடுக்க இரண்டு அரசுகளும் பயந்து, ஒரு கணினியிடம் கொடுத்திருந்தன. ஜனங்கள் அதைச் சர்வேயர் என்று அழைத்தார்கள். எல்லோருடைய மார்புக்குள்ளும் ஒரு சிப். ஒரு மனிதன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதை அவன் காலோ தலையோ தீர்மானிக்காது, இதயம் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிய அமைச்சர் கல்லூரி நாட்களில் கவிதை எழுதியவராம். இதயம் நின்ற உடனே ஆள் இறந்ததாகச் சர்வேயர் பதியாது. மனிதாபிமானத்தோடு இருபது நிமிடம் காத்திருக்கும். அந்த இருபது நிமிடத்துக்குள்தான் இனியன் அண்ணனின் இதயத்தை மேட்டுநாட்டுக்குள் ஓரடி இழுத்திருந்தார்.

மூன்று மணிக்கு விசாரணை அலுவலர் வந்தார். இருநாட்டுக் கூட்டுக்குழுவைச் சேர்ந்தவர், பெயர் ஃபர்ஹானா, முப்பத்தைந்து வயது இருக்கும். அதற்குள் டேவிட் ஒரு ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார். பெட்டி மேட்டுநாட்டுக் கடையில் வாடகைக்கு எடுத்தது. எல்லை தாண்ட அதற்கு அனுமதி இல்லை. எனவே மகிழனின் தலையும் மார்பும் பெட்டிக்குள் இருந்தன. கால்கள் வெளியே, கரைநாட்டுப் புழுக்கத்தில் இருந்தன. யாழினி அந்தக் கால்களுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஃபர்ஹானா பெட்டியைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்கதான் இழுத்தீங்களா ஐயா?"

"தெற்கே தலை வைக்கணும்மா. அது முறை."

"எந்த நாட்டு முறை?"

இனியன் குனிந்து ஐஸ் பெட்டியின் ஒயரைச் சரிசெய்தார்.

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சர்வேயருக்கு மட்டும் எல்லாம் தெரியும்" என்றார் ஃபர்ஹானா. "வெளிப்படையா சொல்லிடறேன். துண்டுக்கு உரியவர் துண்டுக்குள்ளயே இறந்தா, அது மனைவிக்குப் போகும். ஒரு சிக்கலும் இல்ல. பதிவு பண்ணாம இன்னொரு நாட்டுக்குப் போய் இறந்துட்டா, துண்டைக் கைவிட்டுட்டுக் குடிபெயர்ந்துட்டார்னு அர்த்தம். துண்டு காலாவதி ஆயிடும். சுத்தி இருக்கற நாட்டோட சேர்ந்துடும்."

"சேரட்டுமே. வீடு எங்க போயிடப் போவுது?"

"வீடு எங்கயும் போகாது. அம்மாதான் போகணும்."

விசிறி நின்றது.

"இவங்க கரைநாட்டுப் பிரஜை. துண்டு இல்லன்னா மேட்டுநாட்டுல இருக்க உரிமை கிடையாது. பத்து நாளுக்குள்ள தாய்நாட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அங்க எங்க வைப்பாங்க?" என்று கேட்டார் யாழினி.

கரைநாட்டில் பாதி இப்போது கடலுக்குள் இருந்தது. மீதிப் பாதியில் நிற்கவே இடமில்லை. புதிதாக வருகிறவர்களைக் கடலுக்கு மேல் இரும்புக் கால்களில் நிறுத்திய மேடைகளில் குடிவைத்தார்கள். ஒரு மேடைக்கு நானூறு பேர். செய்திப் படங்களில் அது சுற்றுலாத் தலம்போலத் தெரியும்.

"மேடையில" என்றார் ஃபர்ஹானா.

"எனக்கு அங்க யாரையும் தெரியாது. கடலையே ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். இங்க நாப்பத்தாறு வருஷமா இருக்கேன்." யாழினி குரலை உயர்த்தவில்லை. இனியன் பக்கம் திரும்பினார். "நீங்க வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம் தம்பி. இருவத்து மூணு வருஷம் இருந்தீங்க. இன்னும் ஒரு அரை மணி நேரம் இருந்திருந்தா போதும்."

இனியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறார், ஒன்றுகூட உள்ளே இறங்கியதில்லை. இது இறங்கியது. அவருடைய மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் நாள் தவறாமல் காலை எட்டு மணிக்கு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தூக்குவாளி வந்து உட்காரும். சமைத்த உணவை எல்லை கடத்துவது குற்றம். அண்ணி அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "கஞ்சி ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இனியன் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்வார். நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தாரோடு பேச்சுவார்த்தை இல்லையே, எப்படிச் சொல்வது?

"ஏம்மா" என்றார் ஃபர்ஹானாவிடம். "அவரோட சிப்பு கோட்டைத் தாண்டி எவ்ளோ தூரத்துல நிக்கிது?"

ஃபர்ஹானா கையிலிருந்த பலகைத் திரையைப் பார்த்தார். "ஓரடி. சரியா சொன்னா, ஓரடி ஒரு அங்குலம்."

"அப்ப பட்டைக்குள்ளதான் இருக்கு."

"எந்தப் பட்டை?"

இனியன் தூணைக் காட்டினார். பத்திரத்தையும் தூணின் கனத்தையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இருபத்து மூன்று வருடமாகத் தன் மிகப் பெரிய வெற்றியாகக் கொண்டாடிவந்த ஒன்றைப் பற்றி இப்படிச் சொன்னார்: "அது அண்ணனுதும்மா. நான்தான் அழிச்சாட்டியம் பண்ணிக்கிட்டிருந்தேன். எழுதிக்கோங்க. கோட்டை ஒன்றரை அடி தெற்கே தள்ளிப் போடச் சொல்லுங்க. அப்ப அவரு செத்தது அவரோட நாட்டுலதானே?"

"ஆமா" என்றார் ஃபர்ஹானா மெதுவாக. "ஆனா நீங்க பண்றது என்னன்னு தெரியுதா? தாய்மண்ணை அந்நிய நாட்டுக்குத் தாரை வார்த்தல். மேட்டுநாட்டுச் சட்டப்படி தேசத்துரோகம். ஏழு வருஷம்."

"அது மண்ணு இல்லம்மா, டைல்ஸு."

"சட்டத்துல டைல்ஸ்னு தனியா ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஒன்றரை அடியும் மண்ணுதான், ஒரு மாவட்டமும் மண்ணுதான்."

தன் வயது அறுபத்தேழுடன் ஏழு வருடத்தைக் கூட்டினால் எழுபத்து நான்கு. இனியன் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். வெளியே வருவாரோ மாட்டாரோ. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கடலுக்கு நடுவில் நானூறு பேரோடு அண்ணி தட்டேந்தி நிற்பதை நினைத்துப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது.

"தம்பி, வேணாம்" என்றார் யாழினி.

"நீங்க சும்மா இருங்க அண்ணி" என்று அதட்டிவிட்டு, திரையில் கையெழுத்துப் போட்டார் இனியன். அண்ணி என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து இருபத்து மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது. அதட்டலாகத்தான் வந்தது, வேறு எப்படி வரும்.

"சரிபார்க்கப்படுகிறது" என்றது சர்வேயர். பதினோராயிரம் துண்டுகளின் எல்லைகளை ஒரு கண்சிமிட்டலுக்குள் சரிபார்க்கும் இயந்திரம் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. டேவிட் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை.

"முரண்பாடு" என்றது சர்வேயர். "மேற்படி ஒன்றரை அடிப் பட்டையின் மீதான உரிமையைத் துண்டு எண் 7314-ஐச் சேர்ந்த மகிழன் அவர்கள் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டார். அது தம்பியைச் சேர்ந்தது என்று மனு அளித்திருக்கிறார். எதிர்த்தரப்பின் ஒப்புதல் கையெழுத்து வராததால் மனு நிலுவையில் இருந்தது."

இனியன் யாழினியைப் பார்த்தார். யாழினிக்கும் அது புதிய செய்தி என்று முகம் சொன்னது.

"எதிர்த்தரப்புன்னா நான்தானே? என்கிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலயே."

ஃபர்ஹானா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "உங்களுக்குப் பதிவுத் தபால் வந்திருக்கு. மூணு தடவ. மூணு தடவையும் 'வாங்க மறுத்தார்'னு திரும்பிப் போயிருக்கு."

இனியனுக்கு நினைவு வந்தது. மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அனுப்புநர் இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது. கேஸ் போட்டுவிட்டார், கோர்ட் நோட்டீஸ்தான் இது என்று முடிவு செய்து, தபால்காரரிடம் கத்தி அனுப்பினார். மூன்றாவது முறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்வரை விரட்டிக்கொண்டு போனார். அன்று முழுவதும் தன் வீரத்தை நினைத்துச் சந்தோஷமாக இருந்தார்.

"மனுவுல என்ன எழுதியிருக்காரு?"

"பெருசா ஒண்ணும் இல்ல. படிவம்தான். எல்லாம் கோடிட்ட இடம்." ஃபர்ஹானா படித்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் எழுதித் தருகிறேன்'னு போட்டிருக்கார்."

யாழினி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

சர்வேயருக்கு இதெல்லாம் தேவையில்லை. அது தன் வேலையைப் பார்த்தது. "ஒரு தரப்பு அன்று கைவிட்டது. மறு தரப்பு இன்று கைவிட்டிருக்கிறது. விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறும் படிவம் இரு நாட்டுச் சட்டத்திலும் இல்லை. எனவே இன்று மாலை நான்கு நாற்பதுக்கு இடப்படும் உத்தரவின்படி, மேற்படி பட்டை எல்லை போட்ட நாள் முதலே எந்த நாட்டுக்கும் உரியதல்ல. மேட்டுநாடு எந்த நிலத்தையும் அந்நியருக்கு இழக்கவில்லை, ஏனெனில் எந்த அந்நியரும் எதையும் பெறவில்லை. தேசத்துரோகக் குற்றச்சாட்டு எழவில்லை."

மஞ்சள் கோடு அணைந்து, ஒன்றுக்கு இரண்டாக எரிந்தது. தூணுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவில் இருந்த டைல்ஸ் யாருக்கும் சொந்தமில்லாமல் பார்ப்பதற்கு அதேபோலத்தான் இருந்தது.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் இனியன். "எங்கண்ணன் செத்தது எந்த நாட்டுல? அதச் சொல்லச் சொல்லுங்க."

"எந்த நாட்டிலும் இல்லை" என்றது சர்வேயர். "நாடற்ற நிலத்திலிருந்து வரும் சிப் தகவலை ஏற்க எனக்கு அதிகாரம் இல்லை. மகிழன் அவர்களின் மரணம் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. ஏற்பட்ட மனவருத்தத்திற்கு வருந்துகிறோம்."

டேவிட் தன் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஃபர்ஹானா நாற்காலியில் உட்கார்ந்தார். அது இனியனின் சாய்வு நாற்காலி. அது இப்போது எந்த நாட்டிலும் இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"புரியற மாதிரி சொல்லும்மா" என்றார் யாழினி.

"அவர் உயிரோட இருக்கார்மா. பதிவேட்டுப்படி. ஒரு நாட்டை விட்டுப் போனார்னு சொல்லணும்னா இன்னொரு நாட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கணும். அவர் எங்கயும் நுழையல. அதனால துண்டைக் கைவிடல. துண்டு இருக்கும். துண்டுக்கு உரியவரோட மனைவியா நீங்களும் இங்கயே இருக்கலாம். எத்தன வருஷம் வேணும்னாலும்."

அரசாங்கம் யாழினிக்குச் செய்த முதல் உதவி அது. செத்த கணவனை உயிரோடு திருப்பிக் கொடுத்திருந்தது, உடலை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"அப்ப அடக்கம்?" என்று கேட்டார் இனியன்.

ஃபர்ஹானா தலையை ஆட்டினார். "இடுகாட்டுல மரணச் சான்றிதழ் கேப்பாங்க. அது கெடைக்காது. உயிரோட இருக்கறவரைப் புதைச்சா ரெண்டு நாட்டுலயும் கொலைக் கேஸ்." அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். தூணிலிருந்து மேற்குச் சுவர் வரை ஆறடிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்.

"இந்தப் பட்டையில எந்த நாட்டுச் சட்டமும் இல்ல" என்றார். "அனுமதி கேக்கறதுக்கும் ஆள் இல்ல, வேணாம்னு சொல்றதுக்கும் ஆள் இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு வெளிய ஒரு போன் பேச வேண்டியிருக்கு. கொஞ்சம் நேரம் ஆகும்."

அவர் வெளியே போய்த் தெருமுனை வேப்பமரத்தடியில் காதில் போனை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். யாரிடமும் பேசவில்லை.

கடப்பாரையை டேவிட் கொண்டுவந்தார். முதல் டைல்ஸை இனியன்தான் பெயர்த்தார். அறுபத்தேழு வயது உடம்பு, பத்து குத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றது. டேவிட்டின் மைத்துனர் வாங்கிக்கொள்ளப் பார்த்தார், கொடுக்கவில்லை. அப்பா எதையும் கனமாகச் செய்கிறவர் என்று சொன்னோமே, தரைக்கும் அப்படித்தான் ஜல்லி போட்டிருந்தார். வேர்வை கண்ணில் வழிந்தது. அதில் பாதி கண்ணீர் என்பது டேவிட்டுக்குத் தெரிந்தது. கடைசிவரை வேர்வை என்றே ஊரில் சொன்னார்.

மகிழன் ஒல்லியானவர். ஒன்றரை அடி அகலத்துக்குள் தோளை லேசாகச் சாய்த்து வைத்தால் போதுமாக இருந்தது. பட்டை கிழக்கு மேற்காக ஓடியதால் தெற்கே தலை வைக்க வழியில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இருட்டுவதற்கு முன் மண்ணைத் தள்ளி, உடையாத டைல்ஸாகப் பொறுக்கி மேலே பரப்பினார்கள். யாழினி வடக்குக் கோட்டின் ஓரத்திலும் இனியன் தெற்குக் கோட்டின் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் இருநாட்டவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வடக்குப் பக்கத்து மேஜையில் ஏதோ கூவியது. யாழினி ஒரு சிறிய காதுக் கருவியை எடுத்துக்கொண்டு கோட்டருகே வந்து நின்றார். அவர் கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி, இதுல பேசணும். துண்டுக்கு உரியவங்கள தெனம் காலையில கூப்புடுவாங்க. மூணு கேள்வி. மூணு நாள் பேசலன்னா ஆளைத் தேடி வந்துடுவாங்க."

"நீங்களே பேசுங்களேன்."

"குரலைப் பாக்கும். உங்க குரலும் அவரு குரலும் ஒண்ணு. கல்யாணம் ஆன புதுசுல நானே ஏமாந்திருக்கேன்."

இனியன் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"வணக்கம் மகிழன் அவர்களே" என்றது சர்வேயர், அவர் காதுக்குள் மட்டும். "தாங்கள் நலமா?"

யாழினி தலையை அசைத்தார். "நல்லா இருக்கேன்" என்றார் இனியன். குரல் தேர்வில் தேறிவிட்டது.

"உணவு, குடிநீர் குறைபாடு உண்டா?"

"இல்ல."

"எல்லைக்கு அப்பால் வசிப்பவரால் தங்களுக்கு ஏதேனும் தொல்லை உண்டா?"

இனியன் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. அவருக்கு இந்த நேரம் தெரியும், இந்தப் பேச்சு தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு, அவர் சாய்வு நாற்காலியில் வேண்டுமென்றே காலை அண்ணன் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரேடியோவை வேண்டுமென்றே அலறவிட்டிருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கேட்கும். நல்லா இருக்கேன். இல்ல. இல்ல. எந்தக் கடைக்காரரிடமோ பேசுகிறார் என்று நினைத்து, கேட்கப் பிடிக்காமல் ரேடியோவை இன்னும் கூட்டுவார். கேள்வி என்ன என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடப் பதில் மாறியதில்லை.

"தங்கள் பதில் பதிவாகவில்லை" என்றது சர்வேயர். "எல்லைக்கு அப்பால் வசிப்பவரால் தங்களுக்கு ஏதேனும் தொல்லை உண்டா?"

"சொல்லுங்க தம்பி" என்றார் யாழினி. "அவரு இதுக்கு யோசிக்கவே மாட்டாரு. கேட்டதும் சொல்லிடுவாரு."

இனியன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்குள்ளிருந்து, அண்ணன் குரலில், "இல்ல" என்றார்.